வராத விமானம்: வட ஒன்டாரியோவில் ஓர் அடக்கமும் பாதி வழியில் திரும்பிய போதகரும்

எதற்காக இந்தப் பதிவு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வடமேற்குக் கோடியில், சாலை போகாத ஊர்களுக்குச் சிறு விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு போய் ஊழியம் செய்கிற போதகர் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் வெள்ளிக்கிழமை அவர் பாதி வழியில் திரும்பி வந்தார். யாருக்கும் காயமில்லை. விமானத்துக்கும் சேதமில்லை. விபத்துப் பதிவேடு எதிலும் இது ஏறவில்லை.

ஆனால் மறுநாள் அவர் நடத்தித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்த அடக்க ஆராதனை அவர் இல்லாமலே நடந்தது. அவர் ஏன் கிளம்பினார், கிளம்பவே கூடாத நேரத்தில் எப்படிக் கிளம்பினார், திரும்பிய பிறகு அந்த ஊர் என்ன செய்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று பிறகு எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்தோம். இதில் எனக்கும் பங்குண்டு. அன்று தரையிலிருந்து அவருடைய பயணத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு என்னுடையது. ஊர், சபை, ஆட்கள் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில சில்லறை விவரங்களை மாற்றியிருக்கிறேன். குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

பின்னணி: இடமும் வேலையும்

இந்த வட்டாரத்து மக்கள் ஓஜி-கிரீ, கிரீ, ஓஜிப்வே பேசும் பூர்வகுடிகள். அவர்களுடைய ஊர்களில் பலவற்றுக்கு ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் சாலை கிடையாது. ஏரிகளும் சதுப்பும் நன்றாக உறைந்த பிறகு, குளிர்காலத்தில் சில வாரங்கள் மட்டும் பனிச்சாலை திறக்கும். கனரக லாரிகள் அப்போதுதான் டீசலையும் கட்டுமானச் சாமான்களையும் கொண்டுபோகும். மற்ற நாட்களில் எல்லாமே விமானம்தான். மாகாண அரசு வடக்கில் 29 சிறு விமான நிலையங்களை நடத்துகிறது. பெரும்பாலும் சரளைக்கல் ஓடுதளங்கள். நீளம் ஏறக்குறைய 3,500 அடி. நோயாளி, மளிகை, ஆசிரியர், சவப்பெட்டி எல்லாம் அந்தச் சரளையில்தான் இறங்கியாக வேண்டும்.

போதகர்களும் அப்படித்தான். 1933இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆர்க்டிக் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகளின் வட்டாரம்) உருவானபோது அதன் முதல் பேராயரான ஆர்ச்சிபால்ட் ஃபிளெமிங்கைப் ‘பறக்கும் பேராயர்’ என்றே அழைத்தார்கள். நாய்வண்டியில் வாரக்கணக்கில் போன தூரத்தை விமானம் சில மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. அதனால் ஒரே ஆளின் தலையில் பல ஊர்களைக் கட்டிவிடும் பழக்கமும் வந்தது.

நம் போதகருக்கு ஐந்து ஊர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். குருப்பட்டத்துக்குப் பிறகு விமானம் ஓட்டக் கற்றவர். அவரிடம் இருப்பது ஒரு பழைய செஸ்னா 185, ஒற்றை என்ஜின் சிறு விமானம். கோடையில் மிதவை, நடுக்குளிரில் சறுக்குக் கட்டை, இடைப்பட்ட காலத்தில் சக்கரம். ஏரி உறைந்துகொண்டிருக்கும் நவம்பரிலும், பனி உடையும் வசந்தத்திலும் ஏரியில் இறங்க முடியாது. ஓடுதளம் ஒன்றே கதி. அவருடைய வாரத்தில் பிரசங்கம் சிறு பகுதிதான். என்ஜினுக்கு உறை போட்டுச் சூடேற்றுவது, எரிபொருள் பீப்பாய் கணக்கு, யாருக்கோ மருந்து, யாருக்கோ மோட்டார் உதிரிபாகம், மருத்துவமனையில் மொழி புரியாமல் தவிக்கும் முதியவருக்குத் துணை, அப்புறம் அடக்கங்கள். அடக்கங்கள்தான் அதிகம். அவற்றில் பல இளைஞர்களுடையவை. அந்த அக்டோபரில் மட்டும் அவர் மூன்று முடித்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு அரைகுறையாகிவிடும். 1970, 80களில் இதே வட்டாரத்துக்குத் தன் விமானத்தில் வந்துபோன ஆங்கிலிக்கன் குரு ஒருவர், சாரணர் முகாம் என்ற பெயரில் ஏராளமான சிறுவர்களைப் பாலியல் ரீதியாகச் சீரழித்தவர். பின்னாளில் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்து, திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளின் வடு தனி. 1993இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பேராயர் மைக்கேல் பியர்ஸ் அதற்காக மன்னிப்புக் கேட்டார். ஆகவே வானத்திலிருந்து இறங்கும் போதகரைப் பார்த்ததும் எல்லாரும் கையசைக்க மாட்டார்கள். நம் போதகர் எந்தக் குழந்தையையும் தனியாக விமானத்தில் ஏற்ற மாட்டார். ‘ஒரு சுற்று’ கூடக் கிடையாது. ஊரில் எப்போதும் உபதேசியார் (போதகர் இல்லாதபோது சபையை நடத்தும் உள்ளூர்க்காரர்) வீட்டில், அவர் குடும்பத்தோடுதான் தங்குவார். அவரை நம்பியவர்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவரைக் கவனித்துப் பார்த்து நம்பியவர்கள். அந்த நம்பிக்கையில் பெரும்பங்கு ‘சொன்னால் வருவார்’ என்பது.

செவ்வாய்: வாக்குறுதி

எண்பதைக் கடந்த ஒரு பாட்டி தெற்கே ஒரு நகர மருத்துவமனையில் காலமானார். சபையின் தூண் என்று சொல்லத்தக்கவர். கிரீ மொழி அசையெழுத்தில் அச்சான ஜெபப் புத்தகத்தைக் கண்ணாடி இல்லாமல் வாசிப்பார். ஜேம்ஸ் எவான்ஸ் என்ற மிஷனரி 1840இல், இன்றைய மனிடோபா மாகாணத்தில் இருக்கும் நார்வே ஹவுஸ் என்ற ஊரில் அச்சிடத் தொடங்கிய அந்த எழுத்துமுறை இன்றும் அங்கே பாட்டுப் புத்தகங்களில் புழங்குகிறது. போதகருக்குப் பிழையில்லாமல் ஓஜி-கிரீயில் ஆசீர்வாதம் சொல்லக் கற்றுக்கொடுத்தவரும் இவரே. செப்டம்பரில் கடைசியாகப் பார்த்தபோது, “என்னை நீதான் அடக்கம் பண்ண வேண்டும்” என்று கேட்டிருக்கிறார். போதகர் சரி என்றிருக்கிறார். அருகில் மூத்த மகன் நின்றிருந்தார்.

செவ்வாய் மாலை மகன் போனில் கேட்டது ஒன்றுதான்: சனிக்கிழமை அடக்கம், வருகிறீர்கள்தானே? வருகிறேன் என்று போதகர் சொன்னார். வானிலையைப் பார்க்காமல், நிபந்தனை ஏதும் சேர்க்காமல். நவம்பரில் வடக்கே பறக்கும் ஒருவர் சொல்லவே கூடாத சொல் அது. ஆனால் அந்த நேரத்தில், அந்த மகனிடம், வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று என்னால் இன்றும் யோசிக்க முடியவில்லை.

புதனும் வியாழனும்: நழுவிய இருக்கை

பாட்டியின் உடல் வியாழக்கிழமை சார்ட்டர் விமானத்தில் ஊருக்குப் போகிறது, போதகருக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று குடும்பம் சொன்னது. அவர் மறுத்துவிட்டார். இரண்டு காரணங்கள். தற்கொலைக்கு முயன்று மீண்ட ஓர் இளைஞனுடன் வியாழன் இரவு, தன் விமானம் கிளம்பும் தளமூரில், சந்திப்பு வைத்திருந்தார். அதைத் தள்ளிப்போட மனமில்லை. மற்றது, தன் விமானத்தில் போனால் ஞாயிறு ஆராதனைக்கு அடுத்த ஊருக்கு அப்படியே போய்விடலாம். முதல் காரணத்தை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டாவதுதான் விமானம் வைத்திருப்பவர்களுக்கே உரிய வியாதி: ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று தோன்றும்.

வியாழன் மாலை, கனடாவின் வான்போக்குவரத்துச் சேவை நிறுவனமான நாவ் கனடாவின் முன்னறிவிப்பு வரைபடத்தில் மறுநாள் நண்பகலுக்குப் பிறகு எங்கள் பாதைக்குக் குறுக்கே உறைதூறல் காட்டியது. இதைச் சற்று விளக்க வேண்டும். நவம்பரில் காற்று உறைநிலைக்குக் கீழே போய்விடும், பெரிய ஏரிகள் இன்னும் முழுதாக உறைந்திருக்காது. அவற்றிலிருந்து எழும் ஈரம் தாழ்ந்த மேகமாகப் படர்ந்து நிற்கும். அதில் நீர்த்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாமல் திரவமாகவே இருக்கும். ஏதாவது ஒன்றில் மோதினால் அந்தக் கணமே பனிக்கட்டி. மோதுவது இறக்கையாக இருந்தால் அதன் வளைவு கெட்டு, தூக்கும் விசை குறையும், கண்ணாடி மறைந்துவிடும். பெரிய விமானங்களுக்கு இறக்கையின் முன்விளிம்பில் ஊதிப் பனியை உடைக்கும் ரப்பர் உறையோ என்ஜினிலிருந்து வரும் சூடான காற்றோ உண்டு. செஸ்னா 185இல் அதெல்லாம் கிடையாது.

ஆனால் நண்பகலுக்குப் பிறகுதானே. காலை எட்டரைக்குக் கிளம்பினால் சுமார் 300 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பத்துக்கு முன் இறங்கிவிடலாம். திட்டம் தாளில் சரியாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

வெள்ளி காலை: இரண்டு மணி நேரம்

எட்டரைக்குக் கிளம்பவில்லை. இரவில் இறக்கை முழுக்க உறைபனி படிந்திருந்தது. அதைத் துளி விடாமல் எடுக்காமல் ஏறக்கூடாது. அதற்கே நாற்பது நிமிடம். பிறகு, அடக்க விருந்துக்கு வேண்டிய சில சாமான்களைக் கொண்டுவரச் சொல்லி ஊரிலிருந்து போன். கடை திறக்கக் காத்திருந்தார். பிறகு இன்னொரு போன், இந்த முறை மகன். பேச்சு நீண்டது. சக்கரம் மண்ணை விட்டபோது மணி 10:40.

ஒவ்வொரு தாமதமும் நியாயமானது, சிறியது. எட்டரைக்கு எடுத்த முடிவு பத்து நாற்பதுக்கும் செல்லுமா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. தளத்தில் மேக அடி, அதாவது மேகத்தின் கீழ்ப்பரப்பு, தரையிலிருந்து 1,400 அடி உயரத்தில்; பார்வைத் தூரம் ஆறு மைல். கட்டுப்பாடற்ற வான்வெளியில் ஆயிரம் அடிக்குக் கீழே பகலில் பறக்கக் கனடா விதி கேட்பது இரண்டு மைல் பார்வை, மேகத்துக்கு வெளியே இருத்தல். அந்தக் கணக்கில் தாராளம். முன்னறிவிப்பை ஒருமுறை புதுப்பித்துப் பார்த்திருந்தால் தூறல் முந்திக்கொண்டு வருவது தெரிந்திருக்கும். தெரிந்த பின் அந்த விமானத்தில் கிளம்ப விதியே இடம் கொடுத்திருக்காது. நான் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். என் வேலை அவர் எப்போது போய்ச் சேர்கிறார் என்று பார்ப்பது. போகலாமா என்று கேட்பது என் வேலை என்று நான் நினைக்கவில்லை. மேலும், அடக்கத்துக்குப் போகிறவரை வாசலில் நின்று மறிப்பதா என்ற தயக்கமும் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

11:15: திரும்புதல்

25 கடல்மைலுக்கு மேல் போகும் பயணத்துக்கு வான்போக்குவரத்துத் துறையிடம் திட்டம் பதிய வேண்டும், அல்லது பொறுப்பான ஒருவரிடம் விவரம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்த ஒருவர்தான் நான். செயற்கைக்கோள் டிராக்கர் பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி காட்டும். 11:20க்கு வந்த புள்ளி முந்தைய புள்ளிக்குத் தெற்கே இருந்தது. இயந்திரக் கோளாறோ என்று பயந்தேன். அடுத்த புள்ளியும் தெற்கே, நேர்கோட்டில்; சரி, திரும்பிவிட்டார்.

நடந்ததைப் பிறகு அவரே எழுதித் தந்தார். முப்பது நிமிடம் வரை எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு முன்கண்ணாடியில் எண்ணெய் தடவியது போல ஒரு மங்கல். இறக்கையைத் தாங்கும் கம்பியில் ஒரு பளபளப்பு. வேகம் மணிக்கு 135 கடல்மைலிலிருந்து 120க்கு இறங்கியிருந்தது. அவர் விசையைக் குறைக்கவில்லை. மேகம் தாழ்ந்துகொண்டே வந்தது. முன்னால் ஐந்து நிமிடம் பொறுத்தால் வெளிச்சம் தெரியும் என்று மனம் சொன்னதாகவும், அந்த மனக்குரல் மகனுடைய குரலைப் போலவே இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். பின்னால் இருப்பது பார்த்துவிட்ட வானம், முன்னால் இருப்பது பார்க்காதது. திரும்பினார்.

இறங்கும்போது இறக்கை மடல்களை விரிக்காமல், வழக்கத்தைவிட வேகமாக வந்து, ஓடுதளத்தின் பெரும்பகுதியைத் தின்றுதான் நின்றார். கம்பியில் விரல் மொத்தத்துக்குப் பனி. நான் அதைத் தட்டி உடைத்தபோது கண்ணாடித் துண்டு போல விழுந்தது. இருவரும் எதுவும் பேசவில்லை.

1930 அக்டோபரில் அலாஸ்காவின் கோட்செபூவில், கத்தோலிக்க மிஷனின் ‘மார்கெட் (Marquette) மிஷனரி’ என்ற விமானம் விழுந்து இரண்டு குருக்களும் விமானியும் இறந்தார்கள். நல்ல நோக்கம் இறக்கையைத் தாங்காது என்பது வடக்கில் பழைய பாடம். இருந்தாலும் ஒவ்வொருவரும் அதைத் தானாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளி மதியம்: ஊரின் முடிவு

போதகர் முதலில் மகனை அழைத்தார். மகன் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். அடுத்து உபதேசியாரை அழைத்தார். நம்மூர்ச் சபைகளில் உபதேசியார் எப்படியோ, அங்கேயும் அப்படித்தான். குருப்பட்டம் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் போதகர் இல்லாத ஞாயிறுகளில் சபையை நடத்துபவர் அவர்தான். ஆண்டில் பெரும்பாலான ஞாயிறுகள் அப்படிப்பட்டவை.

போதகர் மூன்று வழிகள் சொன்னார்: அடக்கத்தைத் திங்களுக்குத் தள்ளுவது, அவர் போனில் ஆராதனை நடத்த, ஊரார் ஸ்பீக்கரில் கேட்பது, உபதேசியாரே நடத்துவது. உபதேசியார் பெரியவர்களைக் கூட்டிப் பேசிவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். தள்ள முடியாது, குழி வெட்டியாயிற்று, மற்ற ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குத் திரும்பும் விமானம் ஞாயிறு, மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சி அடுப்பில் இருக்கிறது. போனும் வேண்டாம். கல்லறையில் நிற்கும்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வருவது பாட்டிக்குப் பிடிக்காது என்று பெரியவர்கள் சிரித்தார்களாம். உபதேசியார் நடத்துவார். போதகர் செய்ய வேண்டியது ஒன்று: அன்றிரவு, இறந்தவருக்காக ஊர் கூடி இரவெல்லாம் விழித்திருக்கும் விழிப்பு நடக்கும்போது, ஊர் வானொலியில் பேச வேண்டும்.

இந்த ஊர்களில் வானொலி என்பது ஊர்ச்சாவடி மாதிரி. பிங்கோ விளையாட்டு முதல் இரங்கல் வரை அதில்தான். போதகர் ஏழு நிமிடம் பேசினார். ஏன் திரும்பினேன் என்பதை விளக்கினார். ஆனால் அதற்கு முன்பாகவே, காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்தது என் தவறு என்றார். பிறகு பாட்டி கற்றுக்கொடுத்த ஆசீர்வாதத்தை ஓஜி-கிரீயில் சொன்னார். விழிப்பு நடந்த கூடத்தில் பாட்டு விடியும்வரை ஓடியது. அவருடைய பேச்சு முடிந்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததாம், அவ்வளவுதான்.

சனியும் அதன் பிறகும்

அடக்கம் நன்றாக நடந்தது. இதைச் சொல்லும்போது போதகரின் குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம் இருந்தது. அவர் இல்லாமல் குறையொன்றும் இல்லை என்பது நல்ல செய்திதான், கேட்பதற்குச் சுலபமான செய்தி அல்ல. முழு ஆராதனையும் ஓஜி-கிரீயில் நடந்தது. போதகர் நடத்தியிருந்தால் பாதி ஆங்கிலத்தில் போயிருக்கும், பேரப்பிள்ளைகளுக்காக மொழிபெயர்ப்பு இடையிடையே வந்திருக்கும்.

வானம் திங்கள் மாலைதான் தெளிந்தது. செவ்வாய் போதகர் போனார். ஞாயிறு ஆராதனை, அடுத்த ஊர் என்று எதையும் சேர்க்காமல் நான்கு நாள் அங்கேயே இருந்தார். கல்லறைக்குப் போனார். மகன் வீட்டுக்குப் போனார். மகன் கதவைத் திறந்தார், டீ கொடுத்தார், பேசவில்லை. மூன்றாம் நாள் விறகு இழுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். அப்போதும் அதிகம் பேசவில்லை. அவர்களுக்கிடையே பழைய நெருக்கம் திரும்பிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். மகனுடைய கோபம் வானிலையைப் பற்றியது அல்ல என்று உபதேசியார் பிறகு விளக்கினார். வியாழக்கிழமை அம்மாவோடு வர இடம் இருந்தும் வராததுதான் அவருக்கு வலித்தது. எங்களில் ஒருவரும் அதை ஒரு பிரச்சினையாகவே பார்த்திருக்கவில்லை.

எது மாறியது, எது மாறவில்லை

குளிர்காலத்தில் போதகர், ஐந்து ஊர்களின் உபதேசியார்கள், நான், இன்னும் இருவர் கூடிப் பேசினோம். முதலில் மாறியது பேச்சு: ‘வருகிறேன்’ என்பதற்குப் பதில், ‘உபதேசியார் நடத்துவார், வானம் விட்டால் நானும் இருப்பேன்’. கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் இதில் முதன்மையானவர் யார் என்பதே மாறிவிடுகிறது. இதே வட்டாரத்தில் ஆங்கிலிக்கன் பூர்வகுடிச் சபைகள் பல 2014இல் தங்களுக்கென மிஷாமிக்கோவீஷ் என்ற, திருமண்டலம் போன்ற அமைப்பை, கிங்ஃபிஷர் லேக் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு, தங்கள் இனத்துப் பேராயரான லிடியா மமாக்வாவின் கீழ் அமைத்துக்கொண்டதையும் உபதேசியார்கள் அன்று சுட்டிக்காட்டினார்கள். போதகர் தலையசைத்தார்.

பறப்பதற்கு விதியைவிடக் கடுமையான எல்லைகளை எழுதி ஒட்டினோம்: மேக அடி 1,500 அடிக்குக் குறைந்தால் இல்லை, பாதையில் எந்த நேரத்துக்கு உறைதூறல் சொல்லியிருந்தாலும் அன்று முழுக்க இல்லை, புறப்பாடு முப்பது நிமிடம் தாமதித்தால் முடிவைப் புதிதாக எடுக்க வேண்டும். தரையில் இருப்பவர் ‘வேண்டாம்’ என்றால் அதற்குக் காரணம் கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்தோம். அடுத்த இலையுதிர்காலத்தில் நான் அதை இருமுறை பயன்படுத்தினேன். ஒருமுறை நான் சொன்னது தவறு, வானம் நீலமாகவே இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எரிபொருள் தொப்பியைச் சற்று ஓங்கி மூடினார்.

அடக்கத்துக்கு உடலோடு போகும் விமானத்தில் இடம் இருந்தால் அதில்தான் போக வேண்டும் என்பது உபதேசியார்கள் போட்ட நிபந்தனை. போதகர் ஏற்றுக்கொண்டார். திரும்பி வருவதற்கான டிக்கெட்டை யார் கொடுப்பது என்பதில்தான் இன்னும் இழுபறி. விமானத்தின் இன்சூரன்ஸுக்கு நன்கொடை தரத் தெற்கே ஆட்கள் இருக்கிறார்கள். போதகர் பயணியாக உட்கார்ந்து வரும் டிக்கெட்டுக்குத் தர யாரும் முன்வரவில்லை.